பேசிப் பார்க்கும் பலகை

மாரண்டஹள்ளிப் பக்கம் என் சித்தப்பா பட்டுப்பூச்சி வளர்க்கிறார். கொஞ்சம் மல்பெரி, வீட்டுக்குப் பின்னால் ஒரு வளர்ப்பு மனை, கூடு கட்டி முடிந்ததும் தர்மபுரி அங்காடிக்கு ஒரு நடை. எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல குடும்பங்களின் பிழைப்பு இது. புழுவுக்கு வெயிலும் ஆகாது, குளிரும் ஆகாது. ஒவ்வொரு தடவை தோலுரித்ததும் அதற்கு அடுத்த பருவம். இளம்புழு மையத்திலிருந்து வாங்கி வரும் மூன்றாம் பருவப் புழுவுக்கு 26 டிகிரி, நான்காம் பருவத்துக்கு 25, கூடு கட்டப் போகிற ஐந்தாம் பருவத்துக்கு 24 என்று ஒரு கணக்கு உண்டு. சித்தப்பா சுவரில் வெப்பமானி ஒன்றை மாட்டிவிட்டு, ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து போய் டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒருநாள் என்னிடம், "சூடு ஏறினா அதுவே கத்தற மாதிரி ஏதாச்சும் பண்ணித் தர முடியுமாடா?" என்று கேட்டார்.

முடிந்தது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மின்னணுப் பலகை ஒன்றும், அறுபது ஆண்டு கண்ட ஒரு பழைய கணினி மொழியும் போதுமானதாக இருந்தன. அந்த மொழி பேசிக். அதைச் சின்னப் பலகைகளின் தாய்மொழியாகவே ஆக்கிவிடலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். கணினி நிரல் ஒரு வரிகூட எழுதியிராதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் பலகை. ராஸ்பெரி பை பிக்கோ என்று பெயர். 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வந்தது. 51 மில்லிமீட்டர் நீளம், 21 மில்லிமீட்டர் அகலம். நடுவிரல் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். திரை இல்லை, விசைப்பலகை இல்லை. இரண்டு ஓரங்களிலும் வரிசையாகக் கால்கள் இருக்கும். ஒரு காலில் மின்சாரத்தை வெளியே விடலாம். இன்னொரு காலில் உள்ளே வருவதை அளக்கலாம். விளக்கு, மணி, வெப்ப உணரி எல்லாமே இந்தக் கால்களில்தான் சேரும்.

எந்தக் காலில் எப்போது மின்சாரம் விட வேண்டும் என்பதைப் பலகைக்கு யார் சொல்வது, எந்த மொழியில் சொல்வது? பலகையில் இருக்கும் சில்லுக்கு உண்மையில் புரிவது இயந்திர மொழி ஒன்றுதான், அதாவது வெறும் எண்கள். நாம் அந்த எண்களில் பேச முடியாது. அதனால் நடுவில் மொழிபெயர்ப்பு வேண்டும். அதை இரண்டு விதமாகச் செய்யலாம்.

ஓசூர் சந்தையை நினைத்துப் பாருங்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடை வாசலில் புழங்கும் ஊர். கன்னட வியாபாரி ஒருவருக்கு நீங்கள் விஷயம் சொல்ல வேண்டும், உங்களுக்குக் கன்னடம் தெரியாது. முழுக் கடிதத்தையும் தமிழில் எழுதி, ஒருவரிடம் கொடுத்துக் கன்னடத்தில் எழுதி வாங்கி அனுப்பலாம். வியாபாரி அதை வேகமாகப் படித்துவிடுவார். ஆனால் ஒரு வார்த்தையை மாற்ற வேண்டுமானால் கடிதத்தைத் திரும்ப எழுதி, திரும்ப மொழிபெயர்த்து, திரும்ப அனுப்ப வேண்டும். கம்பைலர் என்று சொல்வது இதைத்தான். இன்னொரு வழி, இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்வது. நீங்கள் ஒரு வாக்கியம் சொன்னதும் அவர் கன்னடத்தில் சொல்லுவார். பதிலையும் அப்போதே கேட்டுச் சொல்லுவார். நேரம் கொஞ்சம் கூடத்தான் ஆகும். ஆனால் அது பேச்சு. "கிலோ என்ன விலை?", "குறைக்க முடியுமா?", "சரி, நாளைக்கு வரேன்" என்று போய்க்கொண்டே இருக்கும். இப்படிப் பக்கத்தில் நின்று வரி வரியாகப் பெயர்த்துச் சொல்வதுதான் இன்டர்பிரெட்டர்.

பேசிக்கைப் பலகையின் தாய்மொழி ஆக்குவது என்றால், அந்த மொழிபெயர்ப்பாளரைப் பலகைக்குள்ளேயே குடிவைப்பது. பலகையின் நிரந்தர நினைவகத்தில் பேசிக் இன்டர்பிரெட்டரை ஒரு தடவை பதித்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு மின்சாரம் கொடுத்த உடனே வேறு எதுவும் ஓடாது. விண்டோஸ் இல்லை, லினக்ஸ் இல்லை. பேசிக் மட்டும் எழுந்து உட்கார்ந்து, உங்கள் வார்த்தைக்காகக் காத்திருக்கும். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சில்லு பேசிக்கைக் கற்றுக்கொண்டுவிடுவதில்லை. உள்ளே இருக்கும் இன்டர்பிரெட்டரும் இயந்திர மொழியில் ஆன ஒரு நிரல்தான். ஆனால் வெளியே இருந்து பேசுகிற நமக்கு, அந்தப் பலகைக்குப் பேசிக் தவிர வேறு மொழியே கிடையாது என்பது போலத்தான் இருக்கும். தாய்மொழி என்ற சொல்லை அந்தப் பொருளில்தான் சொல்கிறேன்.

பேசிக் என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் என் காதில் 'பேசி' என்றே விழும். ஆங்கிலத்தில் அது வேறு ஒரு நீண்ட பெயரின் சுருக்கம். ஆனாலும் தமிழ்க் காதுக்கு அது சரியாகவே சொல்கிறது என்று நினைக்கிறேன். பேசிப் பேசியே வேலை வாங்கும் மொழி அது.

அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள் இதை உருவாக்கினார்கள். 1964 மே 1 அன்று விடிகாலை முதல் பேசிக் நிரல் ஓடியது. அறிவியல் படிக்காத மாணவர்களும் கணினியைத் தொட வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். அந்த முதல் பேசிக் கம்பைலர் வகையைச் சேர்ந்தது. அறையை அடைக்கும் பெரிய கணினியில், பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்படி அது ஓடியது. நான் மேலே சொன்ன மொழிபெயர்ப்பாளர் பரவலாக வந்தது 1970களில், கணினி மேசைக்கு வந்த பிறகு. 1975இல் ஆல்டேர் என்ற கணினிக்காக பில் கேட்ஸ், பால் ஆலன், மான்டி டேவிடாஃப் மூவரும் எழுதிய பேசிக் 4 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப் போலப் பல நூறு மடங்கு இடம் பிடிக்கும்.

அந்தச் சிக்கனம் ஒரு பெரிய கதவைத் திறந்தது. 4 கிலோபைட்டில், 8 கிலோபைட்டில் ஒரு மொழியே அடங்குமானால் அதைக் கணினிக்குள் நிரந்தரமாகப் பதித்தே விற்கலாமே! 1981இல் வந்த பிபிசி மைக்ரோ, 1982இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், கொமடோர் 64 எல்லாம் அப்படித்தான் வந்தன. சுவிட்சைப் போட்டதும் பேசிக்தான் எதிரே நிற்கும். ஐபிஎம்மின் முதல் பிசியில்கூட ஒரு பேசிக் பதிக்கப்பட்டிருந்தது. வட்டு இல்லாமல் இயக்கினால் நேராக அதில்தான் போய் நிற்கும். 1984இல் நம் நாட்டுப் பள்ளிகளில் கணினி அறிமுகம் செய்ய 'கிளாஸ்' என்ற திட்டம் தொடங்கியபோது அதற்கு எடுத்துக்கொண்ட கணினியும் பிபிசி மைக்ரோதான்.

இவ்வளவு சின்ன இடத்தில் எப்படி அடக்கினார்கள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். ஒரு உத்தியை மட்டும் சொல்கிறேன். திரையில் காட்டு என்பதற்கான பிரிண்ட் கட்டளையை நீங்கள் ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தாகத் தட்டினால், கொமடோர் 64 அதை ஐந்து எழுத்தாகச் சேமிக்காது. 153 என்ற ஒரே எண்ணாக மாற்றி வைத்துக்கொள்ளும். நிரலைக் காட்டு என்று கேட்டால் 153ஐ மறுபடி பிரிண்ட் என்று விரித்துக் காட்டும். இடமும் மிச்சம். ஓடும்போது எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிக்கிற வேலையும் மிச்சம். கறிவேப்பிலைக்குக் 'க' என்று மட்டும் எழுதி, மளிகைச் சீட்டுப் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எழுதியவருக்கும் கடைக்காரருக்கும் புரிந்தால் போதுமே.

பிறகு கணினிகள் பெரிதாயின. விண்டோஸ் போன்ற இயங்குதளம் ஒன்று நடுவே வந்து உட்கார்ந்தது. அதன் மேல் ஜன்னல்கள், அதன் மேல் செயலிகள். இன்று மேசைக் கணினியில் ஒரு சின்ன விளக்கை எரிய வைக்க வேண்டுமென்றால் எத்தனையோ அடுக்குகளைத் தாண்டித்தான் அந்தக் கட்டளை வெளியே வரும். குறை சொல்லவில்லை; இணையமும் படமும் பாட்டும் அந்த அடுக்குகளால்தான் நமக்குக் கிடைத்தன. ஆனால் சுவிட்சைப் போட்டதும் நேருக்கு நேர் பேசுகிற அந்தச் சுகம் அதில் போய்விட்டது.

அதைத் திரும்பக் கொண்டுவந்தவை சின்னப் பலகைகள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜெஃப் கிரகாம் 2011இல் மேக்சிமைட் என்ற சிறு கணினியையும், அதற்காக எம்எம்பேசிக் என்ற மொழியையும் வெளியிட்டார். ஜப்பானில் 2014இல் இச்சிகோஜாம் வந்தது. குழந்தைகளுக்காகச் செய்த பலகை. டிவியையும் விசைப்பலகையையும் செருகினால் பேசிக் வந்துவிடும். நிரலுக்கு இருக்கிற இடம் 1 கிலோபைட்தான். ஆனால் முதல் விளக்கை எரிய வைக்க அதற்கு ஒரு வார்த்தையும் ஒரு எண்ணும் போதும். எம்எம்பேசிக்கை பிக்கோ பலகைக்குக் கொண்டுவந்த வடிவத்துக்குப் பிக்கோமைட் என்று பெயர். பீட்டர் மாதர் என்பவருடைய உழைப்பு அதில் பெரியது. நான் சித்தப்பாவுக்காக எடுத்துக்கொண்டது அதைத்தான். ஒப்பிட்டுப் பாருங்கள்: கொமடோர் 64இல் இருந்தது 64 கிலோபைட் நினைவகம், வேகம் சுமார் 1 மெகாஹெர்ட்ஸ். பிக்கோவில் 264 கிலோபைட், 133 மெகாஹெர்ட்ஸ். அன்றைக்கு வீட்டு மேசையை அடைத்த கணினியைவிட, சட்டைப் பையில் போடும் இந்தப் பலகை நினைவகத்திலும் வேகத்திலும் பெரிது.

பதிக்கும் வேலை ஐந்து நிமிடம். பலகையில் பூட்செல் என்று எழுதிய ஒரு சின்ன வெள்ளைப் பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் பிடித்தபடி யுஎஸ்பி கேபிளைக் கணினியில் செருகினால், பென்டிரைவ் போலப் பலகை தெரியும். இலவசமாகக் கிடைக்கும் பிக்கோமைட் கோப்பை அதற்குள் நகலெடுத்துப் போடுங்கள். பென்டிரைவ் மறைந்துவிடும். பயப்பட வேண்டாம், மறையத்தான் வேண்டும். இனி டெரா டெர்ம், புட்டி போன்ற, பலகையோடு எழுத்தில் பேச உதவும் ஒரு டெர்மினல் செயலியைத் திறந்து பலகையோடு இணைத்து என்டர் தட்டினால், வலது பக்கம் பார்த்த ஒரு அம்புக்குறி நிற்கும். 'சொல்லு, என்ன செய்யணும்?' என்று பலகை கேட்கிறது.

பதில் சொல்லலாம். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். பலகையில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

பிரிண்ட் 26 * 3

என்டர் தட்டிய கையோடு 78 என்று வரும். நிரல் எழுதவில்லை, சேமிக்கவில்லை. கேட்டோம், சொன்னது. அடுத்து, ஜிபி15 என்ற காலில் 330 ஓம் மின்தடை ஒன்றோடு ஒரு எல்இடி விளக்கைச் சேர்த்துவிட்டு இரண்டு வரி.

செட்பின் ஜிபி15, டிஅவுட்
பின்(ஜிபி15) = 1

முதல் வரி, இந்தக் கால் வழியாக வெளியே விடப் போகிறோம் என்று சொல்கிறது. இரண்டாவது வரிக்கு விளக்கு எரியும். 1க்குப் பதில் 0 என்றால் அணையும். நீங்கள் தட்டிய எழுத்துக்கும் அந்த விளக்குக்கும் நடுவே அந்த ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தவிர வேறு யாரும் இல்லை. முதன்முதலில் இதைச் செய்து பார்க்கிறவர் முகத்தை நான் சிலமுறை கவனித்திருக்கிறேன். எரிந்ததும் உடனே அணைத்து, மறுபடி எரிய வைப்பார்கள். தற்செயலாக எரியவில்லை, நான் சொல்லித்தான் எரிந்தது என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான்.

இந்தப் பேச்சின் அருமை எனக்கு நன்றாகப் புரிந்தது ஒரு தவறு நேர்ந்தபோது. வெப்பத்தை அளக்க டிஎஸ்18பி20 என்ற உணரியை வாங்கியிருந்தேன். தண்ணீர் புகாத குழாய்க்குள் இருக்கும், மூன்று கம்பிகள் கொண்டது. புழு மனை எப்போதும் ஈரமாக இருப்பதால் அதுதான் தோது. சேர்த்துவிட்டு, பலகையிடம் கேட்டேன்.

பிரிண்ட் டெம்பர்(ஜிபி16)

1000 என்றது. ஆயிரம் டிகிரி! உணரி அகப்படவில்லை என்றால் எம்எம்பேசிக் 1000 என்றுதான் சொல்லும். கம்பியை அழுத்திவிட்டு மறுபடி கேட்டேன், 1000. கறுப்புக் கம்பியை மாற்றிச் செருகிக் கேட்டேன், 1000. அப்புறம்தான் மஞ்சள் கம்பிக்கும் சிவப்புக் கம்பிக்கும் நடுவே போட வேண்டிய 4.7 கிலோ ஓம் மின்தடையை மறந்தது நினைவுக்கு வந்தது. போட்டுவிட்டுக் கேட்டேன். 27.5 என்றது. ஒவ்வொரு தடவையும் மேல்நோக்கு அம்புக்குறியையும் என்டரையும் தட்டியதைத் தவிர வேறு வேலை இல்லை. கடிதம் எழுதி மொழிபெயர்த்து அனுப்புகிற முறையாக இருந்தால், கம்பியில் தவறா, நிரலில் தவறா என்பதே தெரியாமல் அந்த மாலை முழுவதும் போயிருக்கும். புதிதாகக் கற்கிறவர்கள் கைவிட்டுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி நிரல். எடிட் என்று தட்டினால் பலகைக்கு உள்ளேயே இருக்கும் எழுதும் பக்கம் திறக்கும்.

செட்பின் ஜிபி15, டிஅவுட்
டூ
வெப்பம் = டெம்பர்(ஜிபி16)
பிரிண்ட் வெப்பம்
இஃப் வெப்பம் > 28 தென் பின்(ஜிபி15) = 1 எல்ஸ் பின்(ஜிபி15) = 0
பாஸ் 10000
லூப்

டூ என்பதற்கும் லூப் என்பதற்கும் நடுவே இருப்பதைப் பலகை திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கும். வெப்பத்தை அளந்து வெப்பம் என்ற பெயரில் வைத்துக்கொள்கிறது. பலகையில் இந்தப் பெயரும் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். 28ஐத் தாண்டினால் ஜிபி15 காலை எழுப்புகிறது, இல்லையென்றால் அணைக்கிறது. பிறகு பாஸ், அதாவது பொறு என்ற கட்டளைக்கு 10000 மில்லிவிநாடி, அதாவது 10 விநாடி ஓய்வு. விளக்கு இருந்த இடத்தில் ஒரு சின்ன பஸ்ஸர் தொகுதியைச் சேர்த்தால் அது கத்தும். எஃப்2 விசையைத் தட்டினால் நிரல் சேமிக்கப்பட்டு ஓடத் தொடங்கும். நிறுத்த வேண்டுமென்றால் கன்ட்ரோல்-சி.

அந்த 1000ஐ இங்கே மறுபடி கவனியுங்கள். எலி கம்பியைக் கடித்துவிட்டால் உணரி 1000 என்று சொல்லும். 1000 என்பது 28க்கு மேல்தானே? பஸ்ஸர் கத்தும். கருவி கெட்டுப்போனதையும் அதே சத்தம் சொல்லிவிடுகிறது. குளிர் காலத்தில் 22க்குக் கீழே போனாலும் கத்த வேண்டும் என்றால் இன்னொரு இஃப் சேர்த்துக்கொள்ளலாம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு அதுதான் முக்கியமாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பலகையின் கால் கொடுப்பது 3.3 வோல்ட், அதுவும் மிகச் சிறிய மின்னோட்டம். ஃபேனையோ கூலரையோ மோட்டாரையோ அதில் நேரடியாகச் சேர்க்கக் கூடாது. ரிலே என்ற மின் சுவிட்ச் நடுவே வேண்டும், 230 வோல்ட் கம்பிகளைத் தொடும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் விட்டேன்.

இப்போது மின்வெட்டுக்கு வருவோம், கிராமத்தில் எந்தக் கருவியும் தேறுவதும் தோற்பதும் இங்கேதான். லினக்ஸ் ஓடும் பெரிய ராஸ்பெரி பை பலகையில் மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கரன்ட் போனால் கார்டு கெட வாய்ப்பு உண்டு. அப்படிக் கெட்டால் யாராவது போய்ச் சரிசெய்யும் வரை அது எழுந்திருக்காது. பேசிக் பலகையில் கார்டு வேண்டாம், மூடுவதற்கென்று ஒரு முறையும் வேண்டாம். கரன்ட் போனால் போகட்டும். ஆப்ஷன் ஆட்டோரன் ஆன் என்று ஒரே ஒரு தடவை சொல்லி வைத்துவிட்டால், கரன்ட் வந்த சில விநாடிகளில் தானாக நிரலை எடுத்து ஓட ஆரம்பித்துவிடும். கரன்ட் இல்லாத நேரத்துக்குச் சித்தப்பா ஒரு பவர் பேங்க் வைத்திருக்கிறார்.

பேசிக்கின் குறைகளும் உண்டு. வரி வரியாகப் பெயர்ப்பதால் மெதுவானது. பத்து விநாடிக்கு ஒரு தடவை வெப்பம் பார்க்க இந்த வேகம் தாராளம். ஒலி அலைகளை அலசுவது போன்ற வேலைக்குப் போதாது. டெய்க்ஸ்ட்ரா என்ற புகழ்பெற்ற கணினி அறிஞர் 1975இலேயே பேசிக்கைக் கடுமையாகச் சாடினார். வரி எண்களும், வேறொரு வரிக்குத் தாவச் சொல்லும் கோட்டூ கட்டளைகளும் சிந்தனையையே சிக்கலாக்கிவிடும் என்ற கவலை அன்று பலருக்கு இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. இன்றைய எம்எம்பேசிக்கில் வரி எண்கள் தேவையில்லை. நிரலைத் துண்டு துண்டாகப் பெயர் வைத்துப் பிரித்து எழுதலாம். பிக்கோவுக்குப் பைத்தான் என்ற கணினி மொழியின் சின்ன வடிவமான மைக்ரோபைத்தானும் இருக்கிறது. அதுவும் பேசிப் பார்க்கும் வகைதான், வேலை வாய்ப்பு என்று பார்த்தால் பைத்தானுக்குத்தான் மதிப்பு அதிகம். கல்லூரியில் படிக்கிறவருக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் முதல் தடவை பலகையைத் தொடுகிற பள்ளிப் பிள்ளைக்கும், தன் மனைக்குத் தானே ஒரு கருவி செய்துகொள்ள நினைக்கிற விவசாயிக்கும் என் வாக்கு பேசிக்குக்குத்தான். எழுதும் பக்கம், கோப்புகள், உணரிகளைப் படிக்கும் கட்டளைகள் எல்லாமே பலகைக்குள் இருக்கின்றன. விஜிஏ திரை சேரும் வடிவத்தை எடுத்துக்கொண்டால் பழைய மானிட்டரும் பழைய கீபோர்டும் போதும், வேறு கணினியே வேண்டாம்.

போன மாதம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். புழு நான்காம் தோலுரித்து ஐந்தாம் பருவத்துக்கு வந்திருந்தது. மனை முழுக்க அது தழை தின்னும் சத்தம், மழை தூறுகிற மாதிரி. பத்தாவது படிக்கும் தங்கை பழைய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பலகையைச் செருகியிருந்தாள். "அண்ணா, இப்போ 24தானே வேணும், 28 வரைக்கும் எதுக்கு விடணும்?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் கன்ட்ரோல்-சி தட்டி நிறுத்தினாள். எடிட் என்று அடித்தாள், 28ஐ அழித்து 26 போட்டாள், எஃப்2 தட்டினாள். பஸ்ஸர் கத்தத் தொடங்கியது. சித்தப்பா எழுந்து போய் ஜன்னலில் தொங்கிய சாக்கின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்.